புகையும் ஒரே சுவிட்சும்

நெப்ராஸ்கா,
அக்டோபர்

அன்பு மகனே,

அப்பாவின் என்ஜினை விற்க வேண்டாம், அதை வைத்து அப்பாவைப் போல நானும் ஒரு விமானம் கட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். என்னால் இன்னும் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. படுக்கையிலிருந்தே எழுதுகிறேன்.

விமானத்தில் மின்சாரம் நின்றால் அந்த என்ஜினும் நின்றுவிடும். "என்ஜினுக்குத் தனியா ஒரு பேட்டரி, தனியா ஒரு லைன் போடுடா வாரன். மெயினை அணைச்சாலும் அது ஓடும்" என்று பக்கத்து விமானக் கொட்டகைக்காரர் டெல்பர்ட் அப்பாவிடம் எத்தனையோ தடவை சொன்னார்.

"முதல்ல உன் தொப்பையைக் குறை. அந்த எடைக்கு நான் பேட்டரி வைக்கிறேன்" என்று அப்பா சிரித்தார்.

அன்று நாங்கள் இருவரும் சோளக்காட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது பேனலுக்குப் பின்னால் ஒயர் தீய்ந்து உள்ளே புகை நிறைந்தது. நான் இருமி இருமித் துவண்டேன். மெயின் சுவிட்சை அணைத்தால் புகை நிற்கும்; என்ஜினும் நிற்கும். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

"இப்ப மூச்சு விட முடியுதாம்மா?" என்று கேட்டார்.

"முடியுது."

"பெல்ட்டை இறுக்கிக்கோ."

விமானம் வயலில் இறங்கி ஓடியபோது, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பாசனக் குழாயில் மோதியது. எனக்குக் கால் முறிந்தது; அவர் எழவே இல்லை.

என்ஜின் டெல்பர்ட்டின் ஷெட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள். நான் தடுக்கவில்லை. ஆனால் தனி லைன் போட்டு முடிக்கும்வரை பக்கத்து சீட்டில் யாரையும், உன் மனைவியையும்கூட, உட்கார வைக்காதே. அவள் இருமினால் உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நீ அவர் பிள்ளை.

அம்மா