பணியை மறுத்த பின்னும் நகர்ந்த புள்ளி

அனுப்புநர்
ஒரு செவிலியரின் தங்கை
(பெயரும் முகவரியும் தனி உறையில், தங்கள் பார்வைக்கு மட்டும்)

பெறுநர்
தனிநபர் தகவல் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: வீட்டுச் செவிலியர் நிறுவனத்தின் செயலி என் அக்காவின் இருப்பிடத்தை அவருடைய கணவருக்குக் காட்டுவது – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிப்பவர். கணவர் அடித்ததால் பிரிந்து, அம்மாவுடனும் என்னுடனும் இருந்தார். கணவருக்குத் தெரியக் கூடாதென்று இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் அம்மாவும் நானும் கைபேசி எண்ணையும் மாற்றினோம்.

2. ஜனவரியில் நிறுவனம் செயலியைக் கட்டாயமாக்கியது. அக்கா அப்போது அம்மாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சம்மதப் பத்திரம் நாற்பத்தொரு பக்கம் என்றேன். "வாடகைப் பத்திரத்தையே நாம படிச்சதில்ல. கையில க்ளவுஸ்டி, நீயே அமுக்கிடு" என்றார். அமுக்கினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

3. பணி ஒதுக்கியதும், செவிலியர் வரும் வழியை வரைபடத்தில் நகரும் புள்ளியாகக் காட்டும் இணைப்பு நோயாளியின் வீட்டாருக்குப் போகும். மே 6 அன்று அக்காவுக்கு வந்த முகவரி அவருடைய மாமனார் வீடு. கணவர் தன் தந்தையை நோயாளியாகப் பதிந்திருந்தார். அக்கா அந்த நிமிடமே பணியை மறுத்தார். மறுத்தால் போதும் என்று நினைத்தோம். பணி ரத்தானது. இணைப்பு ரத்தாகவில்லை.

4. மே 15 மாலை கணவர் எங்கள் வாசலில் நின்றார். கதவைத் தட்டவில்லை. கைபேசியைப் பார்த்தபடி, "பரவால்லயே, வாசப்படி வரைக்கும் கரெக்டா காட்டுது" என்றார். அக்கா பின்பக்கப் படிகளில் இறங்கிப் போனார். வெறுங்காலுடன்.

5. அன்றிலிருந்து அக்காவின் கைபேசி அணைந்திருக்கிறது. அம்மாவும் நானும் மீண்டும் வீடு மாறிவிட்டோம். இந்த முகவரி அக்காவுக்குத் தெரியாது. அவர் அழைக்கக்கூடும் என்று இம்முறை எங்கள் எண்களை மாற்றவில்லை; ஆனால் அவை அவருக்கு மனப்பாடமில்லை. அந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. எங்களை அழைக்க அதை இயக்கினால், அவர் எங்கே என்பது அம்மாவுக்கு முன் கணவருக்குத் தெரிந்துவிடும்.

6. நிறுவனத்தை நான்கு முறை அணுகினேன். "கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா சம்மதத்தை வாபஸ் வாங்க அவங்களேதான் போனை ஆன் பண்ணி, லொக்கேஷனைத் திறந்துட்டு அப்ளை பண்ணணும்" என்றார் அங்கிருந்த பெண். சம்மதிக்க என் விரல் போதுமாக இருந்தது.

7. அம்மா புண்ணைக் கழுவ என்னை விடுவதில்லை. "அவ வந்து பாத்துக்குவா" என்கிறார். புண் பெரிதாகிறது.

ஆகவே, அந்த இணைப்பை இன்றே துண்டிக்க உத்தரவிடுமாறு தங்களை வேண்டுகிறேன். துண்டித்தாலும் அதை அக்காவுக்குச் சொல்ல எனக்கு வழியில்லை. எனவே நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். அக்காவின் பெயர் வேண்டாம். நிறுவனத்தின் பெயரும், மறுத்த பணிகளின் இணைப்புகள் அணைக்கப்பட்டன என்ற ஒரு வரியும் போதும். எங்கிருந்தாலும் படித்துப் புரிந்துகொள்வார்.

நாள்: ஜூன் 2
இடம்: தனி உறையில் உள்ளபடி

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்