வாசலுக்குத் திரும்பிய பை

மார்ச் 3, செவ்வாய்
வேலைக்குத் திரும்பினேன். வீட்டுக்காரர் கண்ணை மூடிப் பன்னிரண்டு நாள். என் பொறுப்பில் உள்ள குப்பைக் கொட்டகையில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். தரம் பிரிக்காத பை பதினொன்று. பை எடுக்கிற நெட்டையனிடம் சிவப்புச் சீட்டு கட்டச் சொல்லி, அந்தந்த வீட்டு வாசலுக்கே அனுப்பினேன். குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும் என்று சட்டம் வந்த நாளிலிருந்து இந்தத் தீவில் என்னைத் திட்டாத வாய் கிடையாது. இன்று ஒருத்தரும் திட்டவில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 4
சாப்பிட்டேன். தூங்கினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 5, வியாழன்
காலையில் அவர் சாமான்களை ஒரே பையில் அள்ளிப் போட்டேன். செருப்பு, சவரக்கத்தி, மருந்துப் புட்டி, மூக்குக்கண்ணாடி. வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மனசு மரத்துக் கிடக்கிறது.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, அண்ணனோட கண்ணாடி மட்டும் எனக்குக் குடுங்க."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"நீங்க மனுஷிதானா? ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்ப இது வேறயா?"

விறுவிறுவென்று போய்விட்டாள். வாசலில் பை இல்லை. எடுத்துப் போய்விட்டார்கள்.

மார்ச் 6, வெள்ளி
விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். குப்பைப் படகு கிளம்பிவிட்டது. அக்கரைக்குப் போனது போனதுதான். அவளிடம் என்ன சொல்வேன்? வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், எல்லாத்தையும் ஒரே பையிலயா போடுவே? அறிவிருக்காடி உனக்கு?

மார்ச் 7, சனி
கதவைத் திறந்தால் பை. என் வீட்டு எண். மேலே சிவப்புச் சீட்டு! தெருமுனையில் நெட்டையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க வீட்டுதுன்னு தெரிஞ்சுதான் படகுல ஏத்தாம சீட்டு கட்டுனேன். யார் வீடா இருந்தாலும் திருப்பிடுன்னு ஊர்க் கூட்டத்துல நீங்கதானே கத்துனீங்க?"

"சரியாத்தான் செஞ்சிருக்கே" என்றேன். பையை உள்ளே தூக்கி வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு
நாத்தனாரை வரச்சொன்னேன். உர்ரென்றுதான் வந்தாள். பையைக் கண்டதும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு ரப்பருக்கு. புட்டி கண்ணாடிக்கு. கத்தி தகரத்துக்கு. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலில் நான் சுற்றிய நூல் அப்படியே இருந்தது. துடைத்து அவளிடம் நீட்டினேன்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி" என்றாள்.

அப்போதுதான் அழுதேன். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையால் மீதியைப் பிரித்துப் போட்டாள்.

மூக்குக்கண்ணாடி இப்போது அலமாரியில் இருக்கிறது. நாளை கொட்டகைப் பதிவேட்டில் என் வீட்டுச் சிவப்புச் சீட்டை எழுத வேண்டும்.