மண்டிக் கல்லில் பூத்த உப்பு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முன்னறைச் சுவரில் விரிசல் இன்னும் ஒரு சாண் நீண்டிருக்கிறது. ஆயுத பூஜைக்குத்தான் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தோம். அதற்குள் பூச்சு பொருக்கு பொருக்காக எழுந்து நிற்கிறது. தட்டினால் உள்ளே காலி. ஓரத்தில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஏதோ. எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு!

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். “இன்னாடி, சோத்துல உப்பு கம்மின்னு சுவர நக்குறியா?”

சிரித்துவிட்டேன். பிறகுதான் பயம்.

நாளைக்கு: பால், கொத்தமல்லி, குடை ரிப்பேர்.

நவம்பர் 5, புதன்

ஷூ கம்பெனியில் டிபன் நேரம். கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர் ரஃபீக் சாரிடம் போனில் படம் காட்டினேன். சுவர் கட்டினது ஆம்பூரில் இடித்த பழைய தோல் மண்டியின் செங்கல் என்றேன். இரண்டு கல்லை மோதிப் பார்த்து, கணீர் என்றதும்தானே வீட்டுக்காரர் லோடு ஏற்றினார்!

“சத்தம் நல்லாத்தான் வரும்மா. உப்பு தெரியாது. தோலுக்குப் போட்ட உப்பு சுவத்துல ஊறியிருக்கும். ஈரத்துல கரைஞ்சு வெளிய வரும், காயும்போது கட்டியாகி பூச்சைத் தள்ளும். மேல மேல சிமெண்ட் பூசினா பேஜாரு. பூச்ச சுரண்டி, தண்ணி படாம பிரஷ்ல தேய்ங்க. மிச்சக் கல்லு இருந்தா ஒண்ண தட்டுல தண்ணி ஊத்தி நிக்க வைங்க. வெள்ளை பூத்தா அத வச்சு கட்டாதீங்க.”

புல்லரித்தது. அந்தத் தோலெல்லாம் ஷூவாகி, ஏதேதோ தேசம் போய்த் தேய்ந்தே போயிருக்கும். அதில் தேய்த்த உப்பு மட்டும் இன்னும் வேலை செய்கிறது. நான் குழம்பில் போடுகிற அதே உப்பு, சிமெண்டைத் தள்ளுகிறது!

மிச்சக் கல் மொத்தமும் மகள் சுகந்திக்கு. சத்துவாச்சாரியில் அவள் வீட்டுக்கு அஸ்திவாரம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை லாரி.

நவம்பர் 6, வியாழன்

அவரிடம் சொன்னேன். கத்தினார். “எம் பொண்ணுக்கு நான் சொத்தையக் குடுப்பனா?”

தட்டில் தண்ணீர். குவியலிலிருந்து ஒரு கல், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய புதுச் சூளைக் கல் ஒன்று. அடுப்பு மேடையில், பக்கம் பக்கமாக.

நவம்பர் 8, சனி

ஓ.டி. கால் வலி. மழை விட்டது. தட்டில் தண்ணீர் பாதி இல்லை. மண்டிக் கல் விளிம்பில் லேசாக நரை. அவர் அந்தப் பக்கமே வருவதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். காபி போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சூளைக் கல் சிவப்பாகவே இருக்கிறது. மண்டிக் கல்லின் தலை முழுக்க வெள்ளை. ஊசி ஊசியாக, மின்னிக்கொண்டு. எவ்வளவு அழகு! யாரும் தொடவில்லை, தானாகவே ஏறி வந்திருக்கிறது. கும்பிடலாம் போல இருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். குனிந்து, விரலால் தொட்டார். உப்பு உதிர்ந்தது. கூடவே கல்லும் கொஞ்சம் உதிர்ந்தது. போனை எடுத்தார்.

“சுகந்தி, நாளைக்கு லாரி வராதும்மா. கல்லு சரியில்ல... இல்லம்மா, வித்தவன் ஏமாத்தல. எனக்குத்தான் பாக்கத் தெரியல. மாப்ளகிட்ட அப்படியே சொல்லு.”