பலா நிழலில் பிந்திப் பூத்தவை

காளப்பநாயக்கன்பட்டி
12.6.2025

அன்புள்ள தேனு,

போன் பண்ணா எடுக்கிறதில்ல. கோவிச்சுக்கிட்டு மலை மேல அம்மா ஊட்டுக்குப் போன பொண்டாட்டிக்கு வேற எப்படிச் சேதி சொல்றது? மலை பஸ் கண்டக்டர் செல்லமுத்துகிட்ட இந்தக் கடுதாசியும், எங்க விதைப் பண்ணையிலருந்து ரெண்டு பை மக்காச்சோள விதையும் குடுத்து விடறேன். மாமா காட்டுல போடணும்.

சிவப்புப் பை விதைக்குக் கதிர் பெருசு, ஆனா லேட்டாப் பூக்கும். வெள்ளைப் பை விதை சீக்கிரம் பூக்கும், கதிர் சிறுசு. வெள்ளையோட மகரந்தத்தைச் சிவப்புக் கதிர்ல தூவி ரெண்டையும் சேத்தா, மழை நிக்கிறதுக்குள்ள பூத்து, கதிரும் நெறயிற மாதிரி ஒண்ணு கெடைக்கும். சிவப்பை முதல்ல போடு. அது நல்லா தழைஞ்சப்புறம் வெள்ளை. அப்பத்தான் ஒண்ணாப் பூக்கும். மறந்துடாத சாமி, தப்புனா ஒரு வருஷம் போச்சு.

நேரத்துக்குச் சாப்புடு.

உன் தரணிதரன்

தேவனூர் நாடு
20.8.2025

ஏனுங்க,

திட்டுறதுன்னா திட்டிக்கங்க. அப்பா ரெண்டு பையையும் ஒரே நாள்ல போட்டுட்டாரு. விதைச்சு முடிச்சு, சாமி கும்பிட்டு விதைக்கூடையைக் கவுத்துட்டா, எங்க ஊட்ல அந்தப் போகத்துக்குத் திரும்ப நிமித்தி விதைக்க மாட்டாங்க. சொல்லிப் பாத்தேன், கேக்கல. இப்ப வெள்ளைப் பைச் செடியெல்லாம் பூத்து, மகரந்தப் பொடி உதிர்ந்தே போச்சு. சிவப்புக் கதிர்ல பொடியை வாங்குற நூலே இன்னும் வரல. பலா மரத்து நெழல்ல நிக்கிற நாலஞ்சு வெள்ளைதான் பூக்காம நிக்குது.

மாசியில நம்ம கொழந்தை வயித்துலயே போயி நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, "பூக்குற நேரம், வயலை விட்டு வர முடியாது"ன்னீங்க. அது எனக்கு இன்னும் ஆறலீங்க.

தேன்மொழி

காளப்பநாயக்கன்பட்டி
22.8.2025

தேனு,

மாமாவைத் திட்டி நாலு வரி எழுதுனேன், கிழிச்சுப் போட்டுட்டேன். அந்த நாலஞ்சு செடியே போதும்! சிவப்புல நூல் வரவும் அது பூக்கவும் சரியா இருக்கும். யாரும் தொட வேண்டாம், திங்கக்கிழமை முதல் பஸ்சுல நானே வந்து தூவுறேன். இங்கயும் வயல் பூத்துத்தான் நிக்குது. கூட வேலை பாக்குற கோகுல்நாத் பாத்துக்குவான்.

மத்ததை நேர்ல பேசிக்கலாம்.

தரணி

தேவனூர் நாடு
24.8.2025

ஏனுங்க,

பயப்படாதீங்க. நேத்து நூல் வந்துச்சு, பலா நெழல்லயும் பூத்துச்சு. இன்னைக்குக் காலைல நானே பொடியைத் தூவி, வேற பொடி படாம கதிருக்குக் காகித உறை மாட்டிட்டேன். கீழ ரெண்டு வருஷம் உங்ககூட உறை மாட்டுனவதானே நான்? காத்துல பொடி பறந்துடும்னு அப்பா குடை புடிச்சுக்கிட்டு நின்னாரு, பாவம்.

இதைக் கடைசி பஸ்சுல செல்லமுத்துகிட்ட குடுக்கறேன், ராத்திரிக்குள்ள உங்க கையில சேந்துடும். நாளைக்கு மக்காச்சோளத்துக்காக நீங்க வர வேண்டாம். உங்க வயல்லயே நிக்கலாம், நான் கேக்க மாட்டேன்.

இங்க உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்ல. அப்படியும் வருவீங்கன்னா வாங்க. முதல் பஸ்சுக்கு ரோட்ல வந்து நிக்கிறேன்.

தேனு