உறவுக்காரர் இல்லாத பாதை

கட்டுகஸ்தோட்டை
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

அன்பு மகன் கிஷானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைத் தனியாக அறிவிக்கும்படி அது என்னைக் கேட்டுக்கொண்டது. நீயும் மருமகள் சஞ்சீவனியும் அந்த லீட்ஸ் குளிரில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறோம். போன் இருக்கும்போது அம்மா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசி எத்தனை காலம், சொல். நான் ஹலோ என்றதும் அப்பாவின் பாதி நெற்றி வந்து திரையில் நின்றுவிடுகிறது. குடும்ப குரூப்பில் எழுதினால் கம்பளையில் உன் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்துவிடுகிறாள், தெருவுக்கே கேட்கிறது. இது ரகசியக் கடிதம். வாயில் ஒன்றும் தங்காதவள் என்று ஊரில் பேர் வாங்கியவள் எழுதுகிற ரகசியம் என்று நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுப் போ, ஆனால் வாசித்து முடி.

போன செவ்வாய்க்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சஞ்சீவனி எனக்குப் போன் எடுத்தாள். இதை வாசித்துவிட்டு அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, தூக்கி வைத்தால் அது எப்படி இருக்கும் என்று உன் நாலு வயதிலிருந்து எனக்குத் தெரியும், கொஞ்சமும் அழகில்லை. முதலில் சுகம் விசாரித்தாள், முழங்காலைப் பற்றிக் கேட்டாள், நானும் ஒன்று விடாமல் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு, "மாமி, கோவிக்காதேங்கோ, ஒண்டு கேக்கட்டோ" என்றாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கோவிக்காதேங்கோ என்று தொடங்கினால் கோபம் வரக்கூடிய விஷயம்தான் வருகிறது என்று விளங்கி நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. நான் வர அவர் போறார். ஒண்டாய் இருந்து சாப்பிட்டே கனநாளாச்சு மாமி. கண்டி டவுனில மூண்டு நாள், பிறகு காரில நாங்கள் ரெண்டு பேருமாய் மலைப்பக்கம் எண்டு கதைச்சு வைச்சனாங்கள். இப்ப பாத்தா ஒரு வான் நிறைய ஆக்கள் வருகினமாம், அவர் எல்லாருக்கும் ஓம் எண்டுட்டார். இப்பிடியெண்டால் நான் வரேல்ல, அவரை மட்டும் அனுப்பிவிடுறன்" என்று சொல்லி அழுதாள். கோபத்தில் அழுதிருந்தால் எனக்குப் பயமில்லை மகன், அந்த வகை அழுகை நானே கிழமைக்கு ஒரு தடவை அழுகிறேன். இந்தப் பிள்ளை களைத்துப்போய் அழுதாள். அதற்குத்தான் நான் பயந்தேன்.

உங்கள் இரண்டு பேருடைய கார்ப் பயணம் வேனாக வீங்கியது எப்படி என்பதை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் காற்றை ஊதியது நான். கண்டியில் ஹோட்டல், பிறகு நுவரெலியா என்று நீ ஜனவரியில் திட்டத்தைச் சொன்னபோது, கூப்பிடு தூரத்தில் சொந்த வீட்டில் அறைக்குப் பெயின்ட் அடித்து வைத்திருக்க இவர்களுக்கு ஹோட்டல் கேட்கிறதா என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, அன்றைக்கு அப்பாவின் பருப்பில் உப்பு இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. போகிற வழியில் புசல்லாவை, றம்பொடைப் பக்கம் மழைக்கு மண் சரிந்த இடமெல்லாம் சீராகிவிட்டதா என்று மட்டும் உன் பெரியம்மா பெற்றீசியா அக்காவிடம் கேட்டேன், பாதையைப் பற்றித்தானே கேட்டேன். அக்கா, யாருக்கு என்று கேட்டாள். நான் சொன்னேன். அவ்வளவுதான். நீங்கள் அங்கேயே கோயிலில் மாலை மாற்றி, நாங்கள் அதைப் போனில் பார்த்தபடியால் நம் ஆட்களுக்கு உங்கள் இரண்டு பேரையும் உட்கார்த்தி வைத்து விருந்து போடுகிற உரிமை அப்படியே பாக்கி கிடக்கிறது. பொண்ணு மாப்பிள்ளைக்குச் சோறு போடாத வீடு என்ன வீடு என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கம்பளையில் பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு, புசல்லாவையில் அத்தை வீட்டில் திரும்பவும் மதியச் சாப்பாடு, றம்பொடையில் அத்தையின் சம்பந்தி வீட்டில் பலகாரமும் கோழியும். நீ நீர்வீழ்ச்சி பார்க்க நிற்கலாம் என்று குறித்த இடத்திலெல்லாம் ஒரு அடுப்பு எரிகிறது. கடைசியில் உன் சித்தப்பா, "பொடியன் ஏன் தனியா கஷ்டப்பட்டு ஓட்டணும், நாம எல்லாருமே போவோம்" என்று வேனே பேசிவிட்டார், பாட்டுப் பெட்டியும் வருகிறதாம். நீயோ குரூப்பில் ஒவ்வொருவருக்கும் சரி பெரியம்மா, சரி சித்தப்பா, கீழே ஒரு கட்டைவிரல் படம். இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வராது. அது என் வளர்ப்பு, சின்ன வயதில் நல்ல பிள்ளை நல்ல பிள்ளை என்று நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இதிலே உனக்குத் தெரியாத ஒரு கதையும் இருக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் முடிந்த கிழமை எங்களையும் நுவரெலியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அனுப்பி வைத்தார்கள் என்றால் கூடவே வந்தார்கள். வேனில் இடமில்லை என்று சோற்று அண்டாவை எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இறக்கி வைத்துவிட்டார்கள். போகிற வழியெல்லாம் உன் அப்பா புதுப்பெண்டாட்டியிடம் பேசிய ஒரே வார்த்தை, "மூடியைப் புடி". பூந்தோட்டத்தில் எடுத்த போட்டோவில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாவற்றிலும் யாராவது ஒரு மாமா குறுக்கே நிற்கிறார். அந்தப் பயணம் ஞாபகம் இருக்கிறதா என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சோறு நல்லா இருந்துச்சு என்றார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் வாழ்ந்த எனக்கு மோட்சம் நிச்சயம்.

சரி, வாயால் கெடுத்ததை வாயால்தான் திருத்த வேண்டும் என்று புதன்கிழமை பஸ் ஏறிக் கம்பளைக்குப் போனேன். அக்கா முற்றத்தில் இரண்டு சேவல்களுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள், ஒன்று மாப்பிள்ளைக்காம் மற்றது பொண்ணுக்காம், பொண்ணுடையது கொஞ்சம் கொழுப்பு. தேத்தண்ணி குடித்து முடியும்வரை நான் ஊர்க்கதை பேசினேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன், பிள்ளைகள் தனியாகப் போகட்டும் அக்கா, விருந்தும் வேண்டாம் வேனும் வேண்டாம் என்று. அக்கா ஆடிவிட்டாள். "ஏன்டி ராணி, நான் ஆக்குற சோறு அவளுக்குத் தொண்டையில எறங்காதா? சீமைக்குப் போனா வயிறு சுருங்கிப்போகுமா? இல்ல, மருமக சொல்லிக் குடுத்து வந்து நிக்கிறியா?" என்று கேட்டாள். மருமகள் பேரை நான் எடுக்கவே இல்லை, இது சத்தியம். "எனக்குத்தான்க்கா வேணும். அண்டா இல்லாம ஒரு புருசனும் பொண்டாட்டியும் மலையேறிப் போறத நான் பாக்கணும்" என்றேன். அக்கா சேவலுக்குப் போடுகிற சோளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு உனக்குப் பின்னால நான்தானேடி உக்காந்திருந்தேன். கண்ணைத் தொடச்சிக்கிட்டே வந்தே. கேட்டா சோத்து ஆவி அடிக்குதுன்னே" என்றாள். பிறகு, "நான் நம்பலடி அதை" என்றாள். அதற்கு மேல் பேச்சை விட்டுவிட்டு அவளும் அழுதாள், நானும் அழுதேன். எங்களுக்கு அப்படி நேர்வது அபூர்வம், சேவல்களே திரும்பிப் பார்த்தன.

உன் பெரியம்மா அழுது முடிந்தால் அடுத்தது வேலை. அந்த இடத்திலேயே சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். பேசிய வேனைத் திருப்ப முடியாது என்று அவர் முறுக்கியிருக்கிறார். "அப்ப மடுவுக்குத் திருப்பு, மாதாவ பாத்து எத்தனை வருசமாச்சு" என்றாள். மாதா பேரைச் சொன்ன பிறகு யார் வாய் திறப்பது. ஆகவே நீங்கள் காரில் புறப்படுகிற வியாழக்கிழமை நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் பாட்டுப் பெட்டியோடு மடுவுக்குப் போகிறார்கள், சனிக்கிழமைதான் திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் ஒரே விருந்து, எல்லா வீட்டு விருந்தும் அதற்குள் அடக்கம், சேவல் இரண்டும் அன்றைக்குத்தான். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் போட்டதையெல்லாம் சாப்பிட வேண்டும், அந்த ஒப்பந்தத்தில்தான் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இதற்காவது சஞ்சீவனியைக் கோவிக்காதேங்கோ என்று நான் கேட்டதாகச் சொல்.

பாதையையும் மாற்றிவிட்டேன், நீ கத்தாதே. சித்திரை மாதம் நுவரெலியாவில் சீசன், கொழும்பு முழுக்க அங்கேதான் போய் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும், நீங்கள் பூவைப் பார்க்க மாட்டீர்கள், முன்னால் போகிற காரின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். நானும் அப்பாவும் மேப்பை விரித்து வைத்து, நம் உறவுக்காரர் ஒருவர்கூட இல்லாத பாதை எது என்று விரலால் தடவிப் பார்த்தோம். சுலபமில்லை மகன், இந்த மலைநாட்டில் நாம் நிறையப் பேர். மாத்தளைக்குப் போய் ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகிற பாதைதான் தப்பியது. மாத்தளை டவுனில் அப்பாவின் மச்சான் முறை ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரும் நாமும் ஒரு சாவு வீட்டில் கதிரை விஷயமாகச் சண்டை பிடித்து இப்போது பேச்சில்லை, பயப்படாமல் போ. மேலே ஏறினால் ஏலக்காய் வாசம், காற்று ஆளைத் தள்ளும், மூடுபனி வந்தால் பக்கத்தில் இருக்கிறவளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதுதானே வேண்டும். ரத்தோட்டைக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் அறை கேட்டிருக்கிறோம், அங்கே போன் சிக்னல் இல்லையாம், அதைக் கேட்டுத்தான் உடனே பிடிக்கச் சொன்னேன். கார் அடுத்த வீட்டு அஸ்ஃபர் தருகிறான், டவுனுக்கே கொண்டு வந்து விடுவான், "பிரேக் புதுசு ஆன்டி, ஏசி மட்டும் மழைக்குக் கொஞ்சம் மணக்கும்" என்கிறான், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். பின்னேரமானால் இடி மழை வரும், மத்தியானத்துக்கு முன் மலையேறிவிடு. இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கு, பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதே. தனியார் பஸ்காரன் பின்னால் ஹோர்ன் அடித்தால் ஓரமாகி வழிவிடு, அவனோடு போட்டி போட்டு ஜெயித்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். புல்லில் இறங்கினால் அட்டை ஏறும், சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்ளச் சொல், மருமகள் கத்தினால் நீயும் சேர்ந்து கத்தாமல் பிடுங்கிப் போடு.

டவுனில் இருக்கிற மூன்று நாளும் ஒரு திட்டமும் போடாதீர்கள். நித்திரை கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு குளத்தைச் சுற்றி நடங்கள், பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்து சூட்கேசைப் பார்க்கும், கவனம். பேராதனைத் தோட்டத்துக்குப் போனால் ஒரு குடை கொண்டு போ. மரத்தடியில் குடைக்குள்ளே உட்கார்ந்திருக்கிற சோடிகளைப் பார்த்து இத்தனை வருடம் நானும் உன் பெரியம்மாவும் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறோம், உண்மையில் அது பொறாமை. நீங்கள் தாலி கட்டின சோடி, தைரியமாக உட்காருங்கள்.

விமான நிலையத்துக்கு நாங்கள் வரவில்லை. மூன்று வருடம் காணாத பிள்ளையைப் பார்க்க ஓடி வரத்தான் கால் இழுக்கிறது, முழங்காலே வலியை மறந்து எழுந்து நிற்கிறது, ஆனால் வந்தால் நான் காரில் ஏறுவேன், ஏறினால் வீட்டுக்குத்தான் போகச் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். எந்த ஹோட்டல் என்று எனக்குச் சொல்லாதே, அப்பா கேட்டாலும் சொல்லாதே, அவரைக் கேட்க வைப்பது நான்தான். தெரிந்தால் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு வந்து வரவேற்பறையில் நின்றுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களாக வாசலுக்கு வாருங்கள். அதுவரை அவள் உன்னுடையவள், நீ அவளுடையவன், நாங்கள் ஒருவருமில்லை.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் ஒரே குடைக்குள் வைத்துக் காப்பார்களாக. அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், பக்கத்து அறையிலிருந்து கத்திச் சொன்னார். ஒன்றே ஒன்று மறக்காதே மகன். மாத்தளைக்குப் போவதென்றால் நீ நம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். வத்தேகமப் பக்கமாகவும் ஒரு பாதை இருக்கிறது, ஆனால் அது குண்டும் குழியும் என்று அப்பா சொல்கிறார். அப்படிச் சொல்லச் சொன்னது நான். வியாழக்கிழமை காலையில் பாலத்தடியில் ஒரு தடித்த அம்மா மீன் வாங்குகிற மாதிரி நின்றுகொண்டிருப்பாள். நிறுத்தாதே, ஹோர்ன் அடிக்காதே, கையும் காட்டாதே. மருமகள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடு, அவள் முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
ஜெயராணி