உன் அறிவிப்பைத் தள்ளிவைத்த முழுப்பக்கம்

என் அருமை அண்ணாவுக்கு, காலையில் பேப்பர் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடும் முன்பே ஸ்கேலைத் தேடுகிறவனுக்கு,

மெட்டுகுடா வீட்டில் பேப்பரை இன்னும் நிறுத்தவில்லை. படிக்கத்தான் ஆள் இல்லை. அண்ணி அதை மடித்து உன் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருந்ததா? அரசாங்க விளம்பரம் வந்தால் போதும், மேஜையில் விரித்துப்போட்டு மந்திரி முகம் எத்தனை சென்டிமீட்டர், விவரம் எத்தனை சென்டிமீட்டர் என்று தனித்தனியாக அளப்பாய். "முகம் அரைப்பக்கம், விவரம் நாலு வரி. நம்ம காசுல இதென்ன அநியாயம்!" என்பாய். "கைக்கு உங்களுக்கு இந்த வேலை? கேட்டா சொல்லிடுவாங்களாக்கும்!" என்று அண்ணி, 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுச் சொல்லைப் போட்டு, அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

நீ கேட்டே விட்டாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? வேறு துறையைக் கேட்கச் சொன்னார்கள். அந்தத் துறை, கோப்புகள் பல இடங்களில் இருப்பதாகச் சொன்னது. மேல்முறையீட்டில் அதுவே வணிக ரகசியம் ஆகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து ஒருவழியாக விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாய். இன்னும் நான்கே நாள், அதுவரை பொறுக்காமல் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். உன் பதின்மூன்றாம் நாள் காரியம் தார்நாகா, லோத்குண்டா என்று சிதறிக் கிடக்கும் அச்சகத்து நண்பர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, உன் படம் போட்டு அறிவிப்புக் கொடுக்கப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் அச்சடித்த ரேட் அட்டையை நீட்டி, "அன்னி இந்துலோ உன்னாயி மேடம், சூஸ்கோண்டி" என்றாள் தெலுங்கில், எல்லாம் இதிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று. எல்லாம் அதில் இருந்தது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்பது வரை. அரசாங்கத்துக்கு என்ன ரேட் என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

காரியத்துக்கு முந்தின நாள் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நீ இல்லை. உனக்கு ஒதுக்கிய பக்கம் முழுக்க அரசாங்க விளம்பரம். கடைசி நேரத்தில் வந்ததாம், உன்னைத் தள்ளிவைத்தார்களாம். ஒரு ஓரத்தில்கூடவா உனக்கு இடமில்லை?

காரியம் முடிந்த மறுநாள் நீ பேப்பரில் வந்தாய். அதைப் பார்த்துவிட்டு லோத்குண்டா செல்வராஜ் அண்ணன் மாலையோடு ஓடி வந்தார். "ஏம்மா, நேத்துத் தேதியப் போட்டு இன்னிக்கு வந்திருக்கு. இந்தத் தப்ப உங்கண்ணன் விட்டிருப்பானா?" என்று உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அன்று மதியமே தபாலும் வந்தது. விசாரணைக்கு மனுதாரர் ஆஜராகவில்லை, அக்கறை இல்லை எனக் கருதி மனு முடித்து வைக்கப்படுகிறது. அக்கறை இல்லையாம்! அந்த விசாரணை நாளில் நாங்கள் உன் அஸ்தியைக் கரைத்துக்கொண்டிருந்தோம். செத்துப்போனதற்கு நீ முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுத்திருக்க வேண்டுமோ?

உன் ஸ்கேலை எடுத்து அந்த முழுப்பக்கத்தை அளந்தேன். முகம் முக்கால் பக்கம், விவரம் மூன்று வரி. உன் இரண்டு கேள்விகளையும் அப்படியே எழுதி, மூன்றாவதாக அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று சேர்த்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி இந்த முறை 'கைக்கு' என்று கேட்கவில்லை.

"என் பேர்லயும் தனியா ஒண்ணு எழுது," என்றாள். "ஒருத்தி செத்தாலும் இன்னொருத்தி போய் நிக்கணும்ல?"

இரண்டையும் இன்று பதிவுத் தபாலில் போட்டாயிற்று. கூப்பிடுகிற நாளில் ஆஜராவோம் அண்ணா.

உன் தங்கை, இனி மனுதாரர்,
விஜயா