பேரோடு சொல்லச் சொன்ன கதை

இன்று காலை மாநாட்டுப் பதிவு மேசையில் எனக்கு இரண்டு பெயர் அட்டைகள் தந்தார்கள். ஒன்று என்னுடையது, மற்றது உங்களுடையது. பேச்சின் சுருக்கத்தை நாம் இருவரும் சேர்ந்து அனுப்பியபோது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். பேச்சாளர் பட்டியலை அதன்பிறகு யாரும் திருத்தவில்லை. “மத்த மிஸ் பிந்தி வருவாங்களா?” என்று மேசையிலிருந்த பெண் கேட்டாள். “வரமாட்டாங்க” என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு வருடம் ஒரே அறையில் மாணவர் ஆலோசகர்களாக இருந்தும் நாம் ‘நீங்க’வை விடவில்லை. சண்டை பிடிக்கும்போதும் ‘நீங்க’தான். மூன்று வருடங்களுக்கு முன் இதே மாநாட்டுக்கு முதல் தடவையாக வந்த காலையிலும் அப்படித்தான் பிடித்தோம். நான் கெலிஓயாவிலிருந்தும் நீங்கள் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பஸ்ஸில் வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்தித்து, வாவிக்கரையோடு நடந்தோம். வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் மாணவர்களைப் பற்றியது நம் பேச்சு. அதில் ஒரு மாணவியின் கதையை நான் சேர்த்திருந்தேன். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதும், தம்பி தங்கைகளைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்டவள். நீங்கள்தான் இரண்டு பஸ் மாறிப் போய் அவளோடு பேசித் திரும்ப அழைத்துவந்தீர்கள்.

நடந்தபடியே கேட்டீர்கள்: “அந்தப் புள்ளக்கிட்ட கேட்டீங்களா?”

“பேர மாத்திட்டேனே.”

“ஊரு தெல்தெனிய, பாடம் கணக்கியல், உம்மா குவைத்தில. பேர மாத்தி என்ன? அது அவட கதை. எங்கட இல்ல.”

“அத எடுத்துட்டா நம்ம பேச்சுல என்னங்க இருக்கு?” என்று நான் சத்தம் போட்டேன். வாவிக்கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் மண்டபத்துக்குள் போனதும் அந்தப் பக்கத்தை அழித்தேன். கோபத்தோடுதான் அழித்தேன்.

மேடையில் அந்த இடம் வந்தது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். நீங்கள் என் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கினீர்கள். ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் சிங்களத்துக்கு மாறினீர்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் வாப்பா மௌத்தாகி அவரை அடக்கிய பிறகு, ஆறு கிழமை, ஒன்றரை மாதமாக, வகுப்புக்குப் போகாமல் வீட்டில் கிடந்ததைச் சொன்னீர்கள். கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னீர்கள்: “ஏன் வரல்லன்னு ஒரு கடிதம் வந்திச்சு. எப்படி ஈக்கீங்கன்னு ஒருத்தரும் கேக்கல்ல.”

எனக்கு அது அதிர்ச்சி. அத்தனை வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு இது தெரியாது.

வெளியே வந்ததும், “எங்கிட்டகூட சொல்லலையே” என்றேன்.

“நீங்க கேக்கல்லயே” என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகாவது நான் மாறியிருக்க வேண்டும். போன வருடம் நீங்கள் வேலைக்கு வராமல் இருக்கத் தொடங்கியபோது, வயிற்றெரிச்சல், கெஸ்ட்ரிக் என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன். தொலைபேசியில் நான் கேட்டதெல்லாம் எப்போது வருவீர்கள், பிள்ளைகள் தேடுகிறார்கள், பரீட்சை நெருங்குகிறது என்பதுதான். ஒரு மாதம் கழித்துத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மெலிந்துபோய்க் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். அன்றுதான் முதல் தடவையாக, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்தேன்.

“பயமா ஈக்கி” என்றீர்கள்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை கொண்டுவந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. எழும்பும்போது, எனக்கே காரணம் தெரியாமல் கேட்டேன்: “அடுத்த மாநாட்டுல உங்க கதைய நான் சொல்லட்டுமா?”

கொஞ்சம் யோசித்தீர்கள். “செல்லுங்க. பேரோட செல்லுங்க. யாரோ ஒருத்தின்னு செல்ல வாணாம்.”

இரண்டு மாதத்தில் உங்களைக் கடைசியாகப் பார்க்க ஜனாஸாவுக்கு வந்தேன்.

இன்று பேரோடு சொன்னேன். வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆலோசகர் பேச்சு முடிந்ததும் என்னிடம் வந்தார். “எங்கட இடத்திலையும் இதே கடிதந்தான் போகுது மிஸ். நானும் கையெழுத்து வைக்கிறனான். இனி முதல் வரிய மாத்தப்போறன்” என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். உங்களைப் பற்றி இன்னும் சொல்லச் சொன்னார். தேநீர் இடைவேளை முழுதும் சொன்னேன்.

நான் முற்றாகத் திருந்திவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வராத பிள்ளைக்குத் தொலைபேசி எடுக்கும்போது இப்போதும் என் வாயில் முந்திக்கொண்டு வருவது ‘ஏன் வரல?’ என்பதுதான். அதை விழுங்கிவிட்டு ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கிறேன். சில பிள்ளைகள் உடனே பேசுகிறார்கள். சிலர் அழுகிறார்கள். சிலர் ஒன்றும் சொல்வதில்லை. அப்போதும் நான் தொலைபேசியை வைப்பதில்லை.